மெமரி லீக்கா, கேஷா? லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ரேம் எங்கே போகிறது

ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) 2 ஜிபி ரேம் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் வைத்து அதில் மெமரி லீக், அதாவது வாங்கிய ரேமைத் திருப்பித் தராத பழுது, இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏறி, ஏறியது இறங்காமலே நின்றால் அதுதான் லீக். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எப்படி ஏறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில், ரேம் நிலவரத்தைக் காட்டும் ஃப்ரீ கட்டளை. அதில் 'ஃப்ரீ' என்ற பத்தியைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், படித்த கோப்புகளின் நகலை வைத்துக்கொள்ளும் கேஷுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. தேவைப்பட்டால் உடனே திருப்பித் தரும். பார்க்க வேண்டியது கடைசிப் பத்தியான 'அவைலபிள்'. ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது பயன்படும், வழக்கமாக டிஸ்க்கில் உள்ள இடம்) தள்ளாமல் புதிய ப்ரோகிராம்களுக்குக் கொடுக்கக்கூடியது எவ்வளவு என்று கர்னலே போடும் மதிப்பீடு அது. 2014இல் வந்த கர்னல் 3.14 முதல் இருக்கிறது. கேஷைக் கட்டாயமாகக் காலி செய்யும் கட்டளையை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் போட்டு மணிக்கொரு முறை ஓட்டச் சொல்லும் அறிவுரைகளைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். லீக்கான மெமரியில் ஒரு பைட்கூட அதனால் திரும்பாது, டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படிக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

அடுத்து எந்த ப்ராசஸ் என்பது. ப்ராசஸ்களைப் பட்டியலிடும் டாப் கட்டளையில் தெரியும் 'விர்ட்' எண்ணை விட்டுவிடுங்கள்; பிரவுசர்கள் பயன்படுத்தாத முகவரி வெளியையும் பல ஜிபி கணக்கில் ஒதுக்கிவைக்கும். ரேமில் இப்போது இருப்பதைக் காட்டும் 'ரெஸ்' உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் பகிர்ந்த லைப்ரரிகளை ஒவ்வொரு ப்ராசஸிலும் முழுதாக எண்ணிவிடும். பிஎஸ்எஸ் என்ற அளவு பகிர்ந்த பக்கங்களை (ரேமைக் கர்னல் கையாளும் சிறு துண்டுகள்), அவற்றைப் பயன்படுத்தும் ப்ராசஸ்களுக்கிடையே பங்கு போட்டுக் கணக்கிடுகிறது. ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸின் எண்ணுக்குள் போனால் 'ஸ்மேப்ஸ் ரோலப்' என்று ஒரு கோப்பு இருக்கும், கர்னல் 4.14 முதல் உண்டு. அதில் பிஎஸ்எஸ், ப்ரைவேட் டர்ட்டி (அந்த ப்ராசஸ் மட்டும் எழுதிய பக்கங்கள்), ஸ்வாப் பிஎஸ்எஸ் (ஸ்வாப்பில் உள்ள அதன் பங்கு) ஆகிய மூன்று வரிகள் போதும்.

அந்த ஸ்வாப் வரியை விட்டுவிடக் கூடாது. லீக்கான மெமரியை யாரும் திரும்பத் தொடுவதில்லை. தொடாத பக்கங்களைத்தான் கர்னல் முதலில் ஸ்வாப்புக்கு அனுப்பும். ஆகவே நன்றாக லீக்காகும் ப்ராசஸில்கூட 'ரெஸ்' எண் ஏறாமல் நிற்கும், சில நேரம் இறங்கவும் செய்யும். பிஎஸ்எஸ்ஸையும் ஸ்வாப் பிஎஸ்எஸ்ஸையும் கூட்டித்தான் கோடு வரைய வேண்டும். ஃபெடோரா 33 முதல் ரேமுக்குள்ளேயே சுருக்கிவைக்கும் ஸீரேம் ஸ்வாப் தானாக இயங்குகிறது; அங்கே இந்த மறைவு இன்னும் எளிதாக நடக்கும்.

இப்போது சோதனை. சந்தேகப்படும் செயல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு விண்டோவைத் திறந்து மூடுவது, எல்லா விண்டோக்களையும் காட்டும் ஓவர்வியூவைத் திறந்து மூடுவது, ஒரு படத்தைத் திறந்து மூடுவது. 20 முறை செய்து அளவைக் குறியுங்கள். இன்னொரு 20. இன்னொரு 20. முதல் சுற்றில் 60 எம்பி, இரண்டாவதில் 5, மூன்றாவதில் 0 என்றால் அது கேஷ் நிரம்பியது. மூன்று சுற்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஏறினால் லீக். அந்த அளவை 20ஆல் வகுத்தால் ஒரு முறைக்கு எவ்வளவு என்று வரும். பல நேரம் அந்த எண்ணே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 1920க்கு 1080 திரையில் ஒரு பிக்ஸலுக்கு 4 பைட் என்று வைத்தால் ஒரு முழுத்திரைப் படம் சுமார் 8.3 எம்பி. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அவ்வளவு ஏறினால், முழுத்திரை அளவுள்ள ஏதோ ஒரு பஃபர் (படத்தைத் தாங்கும் மெமரித் துண்டு) விடுபடாமல் நிற்கிறது என்று ஊகிக்கலாம். 4கே திரைக்கு மாற்றிப் பார்த்து அது 33 எம்பி ஆனால் ஊகம் உறுதியாகிறது.

டெஸ்க்டாப் லீக்குகள் ஏன் இவ்வளவு பிடிவாதமானவை என்பதற்கு, க்னோம் டெஸ்க்டாப்பின் திரையை நடத்தும் க்னோம் ஷெல்லைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 2018இல், உபுண்டு 18.04 வந்த நேரத்தில், க்னோம் 3.28இன் ஷெல் நாள் முழுக்க ஓடினால் வீங்கிக்கொண்டே போகிறது என்ற புகார் பரவலாக இருந்தது. ஷெல்லின் மேல்பகுதி ஜாவாஸ்கிரிப்டில், அடிப்பகுதி சியில் எழுதப்பட்டது. திரையில் தெரியும் ஒவ்வொரு பொருளுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஒரு சின்ன உறை, சி பக்கம் கனமான உடல். சி பக்கம், ஒரு பொருளை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்ற ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை வைத்து நடக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம், அவ்வப்போது ஓடித் தேவையற்றதை அள்ளும் கார்பேஜ் கலெக்டரை வைத்து. கலெக்டர் ஓடும்போது மேலே இருக்கும் தாய்ப் பொருளை மட்டும் விடுவிக்கும். தாய் போன பிறகுதான் பிள்ளைப் பொருள்கள் அனாதையாகும். அவற்றை அள்ள அடுத்த சுற்று வர வேண்டும். அவற்றுக்குக் கீழே இருப்பவற்றுக்கு அதற்கடுத்த சுற்று. கலெக்டருக்குத் தெரிவதெல்லாம் சின்ன உறைகள் என்பதால் அவசரப்படக் காரணமே தெரியாது. க்னோம் டெவலப்பர் ஜார்ஜஸ் ஸ்டாவ்ராகாஸ் இந்த விளக்கத்தை எழுதினார். பொருள்கள் அனாதையானதும் இன்னொரு சுற்று கலெக்டரை ஓட்டும்படி இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஜிஜேஎஸ்ஸில் திருத்தம் வந்தது. அதற்கு சிபியூ விலை கொடுக்க வேண்டியிருந்ததால் பின்னர் செப்பனிட்டார்கள். கண்டிப்பான பொருளில் அது லீக்கே இல்லை, தாமதம்தான். பயன்படுத்துபவருக்கு இரண்டும் ஒன்றே என்பதால் திருத்தியது நியாயம்.

இன்றும் ஷெல் வீங்கினால் முதல் சந்தேகம் எக்ஸ்டென்ஷன்கள் (ஷெல்லுக்கு வசதி சேர்க்கும் துணை ப்ரோகிராம்கள்) மேல்தான் விழ வேண்டும். அவை தனி ப்ராசஸாக ஓடுவதில்லை, ஷெல்லுக்குள்ளேயே ஓடுகின்றன. ஒரு எக்ஸ்டென்ஷன் டைமர் ஒன்றை வைத்து அதை நீக்காமல் விட்டாலோ, ஒரு நிகழ்வை அறிவிக்கும் சிக்னலோடு இணைத்து அவிழ்க்காமல் விட்டாலோ, பழி ஷெல்லின் மேல் விழும். எக்ஸ்டென்ஷன்ஸ் ஆப்பில் மேலே உள்ள ஒரே சுவிட்சால் எல்லாவற்றையும் அணைத்து, லாக்அவுட் செய்து திரும்ப வந்து, அதே சோதனை. ஏற்றம் நின்றால் பாதியைப் போடுங்கள், பாதியை விடுங்கள். 16 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் நாலு சுற்றில் ஆள் கிடைக்கும். அணைத்தவுடன் சோதிக்காதீர்கள், லாக்அவுட் அவசியம்: சரியாகத் துப்புரவு செய்யாத எக்ஸ்டென்ஷன் அணைத்த பிறகும் எச்சத்தை விட்டுவைத்திருக்கும்.

எந்த ப்ராசஸின் கணக்கிலும் வராமல் அவைலபிள் மட்டும் குறைவது வேறு வகை. ப்ராக் அடைவின் மெம்இன்ஃபோ கோப்பில் 'ஷ்மெம்' (பகிர்ந்த மெமரி) வரி பெரிதாக இருந்தால் டெம்ப் அடைவைப் பாருங்கள். ஃபெடோராவிலும் டெபியன் 13லும் அது ரேமிலேயே இருக்கும் டெம்ப்எஃப்எஸ். பாதி இறங்கிய ஐஎஸ்ஓ ஒன்று அங்கே கிடந்தால் அவ்வளவு ரேம் போயிற்று. 'எஸ்அன்ரிக்ளெய்ம்' (கர்னல் தனக்கு எடுத்து, உடனே திருப்பித் தர முடியாத மெமரி) வரி ஏறிக்கொண்டே போனால் பழுது கர்னலில், பெரும்பாலும் ஒரு டிரைவரில். அதில் நிறைந்திருப்பது எந்த வகைப் பொருள் என்று ஸ்லாப்டாப் கட்டளை காட்டும். பழைய காட்சி அமைப்பான எக்ஸ்11இல், அதன் சர்வரான எக்ஸ்ஆர்க் வீங்கினால் அதைக் குற்றம் சொல்லும் முன் எக்ஸ்ரெஸ்டாப் ஓட்டுங்கள். பிக்ஸ்மேப்கள் என்ற படங்கள் சர்வரின் மெமரியில் இருந்தாலும் அவற்றைப் பிடித்துவைத்திருப்பது ஏதோ ஒரு கிளையன்ட் ப்ரோகிராம். அதன் பெயர் அங்கே தெரியும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஜிபியூ பஃபர்களும் இதே ரேமிலிருந்துதான் போகின்றன, ஆனால் 'ரெஸ்'ஸில் முழுதாகத் தெரிவதில்லை. ஜிபியூ பயன்பாட்டைக் காட்டும் என்விடாப் அதைப் பிரித்துக் காட்டும்.

மெமரியை ப்ரோகிராம் ஒழுங்காகத் திருப்பித் தந்தும் எண் இறங்காமல் இருப்பதும் உண்டு. லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியில் மெமரி ஒதுக்கும் மேலாக், 64 பிட் இயந்திரத்தில் ஒரு கோருக்கு 8 அரீனா (மெமரித் தொகுப்பு) வரை உருவாக்கும். நிறைய த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் கிளைகள்) உள்ள ப்ரோகிராமில் அவை துண்டு துண்டாகக் கிழிந்து, இடையில் ஒரு சின்னப் பொருள் உயிரோடு இருந்தாலும் பக்கம் கர்னலுக்குத் திரும்பாது. இதை லீக்கிலிருந்து பிரித்தறிய நல்ல வழி, டீபக்கரான ஜிடிபியை அந்த ப்ராசஸில் இணைத்து 'மேலாக் ட்ரிம்' ஃபங்ஷனை 0 என்ற மதிப்போடு அழைப்பது. சட்டென்று சில நூறு எம்பி விழுந்தால் அது லீக் இல்லை, துண்டாடல். அப்போது 'மேலாக் அரீனா மேக்ஸ்' என்ற என்விரான்மென்ட் மாறியை 2 என்று வைத்து ப்ரோகிராமைத் தொடங்கிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இதை டெஸ்க்டாப் ஷெல்லிலேயே செய்வதானால் வேறு கன்சோலிலிருந்தோ எஸ்எஸ்எச் வழியாகவோ செய்யுங்கள். ஜிடிபி இணைந்தவுடன் ஷெல் உறைந்துவிடும், உங்கள் டெர்மினல் விண்டோவும் கூடவே உறையும்.

உண்மையான லீக் என்று உறுதியானால் கோடில் எந்த வரி என்று தேட, மெமரி ஒதுக்கீடுகளைப் பதிவு செய்யும் ஹீப்ட்ராக் என் முதல் தேர்வு. இன்னொரு கருவியான வால்கிரைண்ட் துல்லியமானது, ஆனால் ப்ரோகிராமை 20 மடங்குக்கும் மேல் மெதுவாக்கிவிடும், டெஸ்க்டாப் ப்ரோகிராமில் அது வேதனை. அதோடு, 'நிச்சயமாக இழந்தது 0 பைட்' என்று அது சொன்னால் லீக் இல்லை என்று நம்பிவிடக் கூடாது. டெஸ்க்டாப்பில் அடிக்கடி நடப்பது, ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போய் நீக்க மறப்பது. அதற்கான பாயின்டர் (மெமரி முகவரி) இன்னும் கையில் இருப்பதால் வால்கிரைண்ட் அதை 'இன்னும் எட்டக்கூடியது' என்று தனிக் கணக்கில் வைக்கும். ஹீப்ட்ராக்கிலும் ஒரு பொறி உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸில் இணைத்து நடுவில் பிரித்தால், அந்நேரம் உயிரோடிருக்கும் அனைத்தையும் லீக் என்றே காட்டும். 20 முறைக்கு ஒரு பதிவு, 60 முறைக்கு ஒரு பதிவு எடுத்து இரண்டின் வித்தியாசத்தைக் காட்டச் சொல்லுங்கள். விகிதத்தில் ஏறியிருக்கும் ஸ்டாக் (மெமரி கேட்ட ஃபங்ஷன்களின் அழைப்பு வரிசை) மட்டும் மேலே வரும்.

ஃபயர்ஃபாக்ஸுக்கு இதெல்லாம் தேவையில்லை. முகவரிப் பட்டையில் 'அபவுட்: மெமரி' பக்கத்தைத் திறந்து, 'மினிமைஸ் மெமரி யூசேஜ்' பொத்தானை அழுத்தியபின் அளந்து சேமியுங்கள், பிறகு ஒன்று சேமித்து இரண்டையும் ஒப்பிடும் வசதி அங்கேயே இருக்கிறது. தாவல் மூடிய பிறகும் அந்தத் தளத்தின் பெயர் பட்டியலில் நின்றால், பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் ஒரு ஆட்ஆன்.

திருத்தம் வரும்வரை இயந்திரம் உறையாமல் காப்பது தனி வேலை. சிஸ்டம்டி-ரன் மூலம், யூசர் ஸ்கோப்பில், 'மெமரி ஹை' 1.5 ஜிபி, 'மெமரி மேக்ஸ்' 2 ஜிபி என்று வரம்பு போட்டு அந்த ப்ரோகிராமைத் தொடங்கலாம். முதல் வரம்பில் வேகம் குறையும், இரண்டாவதை எட்டி, ஸ்வாப்புக்குத் தள்ளியும் குறைக்க முடியாவிட்டால் அது மட்டும் கொல்லப்படும், மற்றவை தப்பும். ஒரு ப்ரோகிராம் திடீரென்று காணாமல் போனால் சிஸ்டம் பதிவான ஜர்னலில் கர்னல் செய்திகளைப் பாருங்கள்; 'அவுட் ஆஃப் மெமரி' வரியில் எது கொல்லப்பட்டது, அதன் 'அனான் ஆர்எஸ்எஸ்' (ரேமில் இருந்த அதன் சொந்த மெமரி) எவ்வளவு என்று இருக்கும். கொல்லப்பட்டதே குற்றவாளி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நேரத்தில் பெரிதாக இருந்தது என்பது மட்டுமே அதன் தவறாக இருக்கலாம். மெமரி தீரும்போது ப்ரோகிராமைக் கொல்லும் வேலையை உபுண்டு 22.04 முதல் சிஸ்டம்டி-ஊம்டி என்ற சேவையும் செய்கிறது. அதன் பதிவு கர்னல் செய்திகளில் வராது, அந்தச் சேவையின் பெயரில் தனியே தேட வேண்டும்.

பக் ரிப்போர்ட் எழுதும்போது 'ரேம் அதிகம் தின்கிறது' என்ற வரியோடு நிறுத்தினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. டிஸ்ட்ரோ, பேக்கேஜின் முழுப் பதிப்பு எண், காட்சி அமைப்பு வேலாண்டா எக்ஸ்11ஆ, எந்த கிராஃபிக்ஸ் டிரைவர், எக்ஸ்டென்ஷன் இல்லாமலும் வருகிறதா, எந்தச் செயலை எத்தனை முறை செய்தால் எவ்வளவு ஏறுகிறது, ஸ்மேப்ஸ் ரோலப்பின் இரண்டு நகல். க்ராஷும் சேர்ந்து வந்தால் கோர்டம்ப்சிடிஎல் வழியாக ஜிடிபியைத் திறந்து எல்லா த்ரெட்களின் பேக்ட்ரேஸையும் (ஃபங்ஷன் அழைப்பு வரிசை) எடுங்கள். டீபக்இன்ஃபோடி சேவை இயங்கினால் சிம்பல்கள் (ஃபங்ஷன் பெயர்த் தகவல்) தானாக இறங்கும். ஃபங்ஷன் பெயர்களுக்குப் பதில் கேள்விக்குறிகள் நிறைந்த பேக்ட்ரேஸை அனுப்பாதீர்கள். க்ராஷ் நேரத்து மெமரியின் நகலான கோர் கோப்பை மட்டும் பொதுவில் ஏற்ற வேண்டாம், உங்கள் பாஸ்வேர்டுகளும் அதற்குள் இருக்கக்கூடும்.