கடற்கரைக் கச்சேரியும் சிரமதானமும்: இந்தக் கிழமை ஏற்பாடு செய்யிறவைக்கு

யாழ்ப்பாணம் பண்ணைக் கடற்கரையிலை மேளக்கச்சேரி வைக்கிறதெண்டால் முதல் கவனம் தவிலுக்குத்தான். பின்னேரத்து ஈரக்காத்திலை வலந்தலை, அதாவது தவிலின்ரை வலப்பக்கத் தோல், தளரும், நாதம் அமுங்கிப்போகும். உறையோடையே இருக்கட்டும், வாசிக்க முதல் எடுத்து இறுக்குங்கோ. மைக்குக்குப் பஞ்சுறை கட்டாயம், இல்லாட்டி காத்தின்ரை இரைச்சலுக்குள்ளை நாதஸ்வரத்தின்ரை நுணுக்கமெல்லாம் போயிடும். அது பெரிய பாவம்.

காரைநகர் கசூரினாக் கடற்கரையிலை சிரமதானத்துக்கு, அதாவது எல்லாருமாச் சேந்து குப்பை பொறுக்கித் துப்பரவாக்க, வாறவை காலமை 6 மணிக்கே தொடங்குங்கோ, 9 மணிக்குப் பிறகு மணல் சுடும். கையுறையும் வெறும் உரப்பையும் கொண்டுவாங்கோ. மணலுக்குள்ளை புதைஞ்ச நைலோன் வலையை இழுக்காதேங்கோ. சவுக்கு வேரிலை சுத்திக் கிடக்கும், கத்தியாலை துண்டு துண்டாய் வெட்டித்தான் எடுக்கோணும். போத்தில் ஓடுகளுக்கு வாளி வேணும், உரப்பையைக் கிழிச்சுக் காலைப் பதம் பாத்திடும்.