19 வரிகளும் ஒரு பென்சில் கோடும்

காசிமேட்டில் விசைப்படகு டிரைவராக வேலை செய்யும் நான், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் குடி மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தேன். வேலையில்லாத நாட்கள்தானே, வீட்டில் சண்டை ஓயும், தடை முடிந்ததும் கடலுக்குப் போய்விடலாம் என்பதே என் கணக்கு. குடியை விடும் எண்ணம் அதில் இல்லை.

முதல் வாரம் உடம்போடு போராடுவதிலேயே கழிந்தது. இரண்டாம் நாள் காலையில் டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல், வலது மணிக்கட்டை இடது கையால் அழுத்திக்கொண்டு குனிந்து உறிஞ்சினேன். பல வருடம் தினமும் குடித்தவர் மருத்துவ உதவியின்றித் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை அங்குதான் அறிந்தேன். வீட்டில் பூட்டி வைத்தே நிறுத்திவிடலாம் என்று நினைக்கும் குடும்பங்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நடுக்கம் அடங்கியபின் ஆலோசகர் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். மாற்றத்துக்கு ஒருவர் எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறார் என்று பார்ப்பதற்காக மில்லர், டோனிகன் என்ற ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்டது அது என்று பின்னர் விளக்கினார். மொத்தம் 19 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ முதல் ‘முற்றிலும் ஏற்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள். நல்ல பெயர் வாங்கினால் சீக்கிரம் விடுவார்கள் என்று நம்பி, எல்லாவற்றுக்கும் கடைசிக் கட்டத்திலேயே குறியிட்டேன். குடிநோயாளி என்று ஒப்புக்கொள்ளும் வரியில் ஒரு விரலையும், குடிநோயாளிதானா என்று சந்தேகப்படும் வரியில் மற்றொரு விரலையும் வைத்து, “ரெண்டுமே முழுசா உண்மையா அண்ணா?” என்று அவர் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டுமே ஓரளவு உண்மை என்பதுதான் என் நிலை. அதைச் சொல்லலாம் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

பிறகு, தாளின் பின்புறம் பென்சிலால் ஒரு கோடு போட்டு 0 முதல் 10 வரை எழுதி, குடியை விட எவ்வளவு தயார் என்றார். 4 என்றேன். ஏன் 10 இல்லை என்று கேட்பார் என்று பதிலெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவரோ, “ஏன் 2 சொல்லாம 4 சொன்னீங்க?” என்றார். ஹவுசிங் போர்டு மாடிப்படியில் என் காலடி கேட்டதும், படித்துக்கொண்டிருக்கும் என் மகள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வாள் என்பதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

முன்பு ஒரு முறை உறவினர்கள் என்னை ஆட்டோவில் ஏற்றி வேறோர் இடத்தில் அடைத்தார்கள். வெளியே வந்த அன்றே குடித்தேன். ‘அவனா மனசு வச்சாத்தான் உண்டு’ என்பார்கள். மனசு வைக்க எனக்கு ஆள் துணை தேவைப்பட்டது.

28ஆம் நாள் அதே தாளில், சந்தேக வரிக்கு நடுக்கட்டத்தில் குறியிட்டேன். பென்சில் கோட்டில் 7. மிச்ச மூன்றுக்கு என்ன செய்வது என்று இருவரும் உட்கார்ந்து எழுதினோம்: மதுக்கடைத் தெருவைச் சுற்றிப் போவது, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குத் தவறாமல் போவது, என் பங்குப் பணத்தை மனைவி கையில் கொடுக்கச் சொல்வது. தடை முடிந்து படகில் ஐஸ் ஏற்றிய அன்றே உரிமையாளரிடம் அதைக் கேட்டேன். ஏன் என்றார், காரணத்தையும் சொன்னேன்.