உறுதியில் எழுதாத பங்கு

ஓய்வுபெற்ற பின் என்ன செய்கிறீர்கள் என்று பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல்களிற் கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் மறுமொழி, வாழ்நாள் முழுவதும் ஊரார் காணிகளை அளந்து முடித்து இப்போது சொந்தக் காணிக்கு வந்திருக்கிறேன் என்பதுதான். யாழ்ப்பாணத்து வடமராட்சியிலுள்ள புலோலியில் எங்கள் தாயாருக்குச் சீதனமாக வந்த எட்டுப் பரப்புக் (பரப்பு என்பது எங்கள் ஊர் நில அளவு) காணியும் அதிலுள்ள கல்வீடும், மெல்பேணிலும் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகள் நால்வருக்கும் இன்றுவரை பிரிக்கப்படாத பங்காகவே இருக்கின்றன. அதை என்ன செய்வது என்பதே சில காலமாக எங்கள் குடும்பத்தின் முதன்மையான பேச்சு. கல்லூரி நினைவுகளை எழுதித் தருமாறு சங்கத்தின் மலர்க்குழுவினர் கேட்டபோது காணியும் கல்லூரியும் மனத்தில் ஒன்றாகவே வந்து நின்றமையால், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1838இல் பேர்சிவல் பாதிரியார் தொடக்கிவைத்த நாள்முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக கிறித்தவ மிசனின் சொத்தாக இருந்த எங்கள் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி, உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து அரசின் கைக்கு மாறியது. யாழ்ப்பாணக் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி போன்ற சில மட்டும் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நிற்பதைத் தெரிவு செய்தன. நாங்கள் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தது அந்த மாற்றத்தின் சூட்டோடுதான். ஆனால் உடைமை கைமாறியதன் அடையாளம் எதுவும் எங்கள் கண்ணிற் படவில்லை. அதிபர் பூரணம்பிள்ளை அவர்களே அதிபராக இருந்தார். கடற்காற்றின் உப்புப் பட்டு அரித்த யன்னற் கொழுக்கிகளும் அப்படியே இருந்தன. பாடசாலை யாருடையது என்று அன்று எங்களைக் கேட்டிருந்தால், நாங்கள் வருமுன்பே வகுப்பறைகளைக் கூட்டித் திறந்து வைத்திருக்கும் காவலாளியுடையது என்றே சொல்லியிருப்போம். சிறுவர்களின் அந்தக் கணிப்பு முற்றிலும் பிழையானது என்று இந்த வயதிலும் எனக்குத் தோன்றவில்லை.

கல்லூரியிற் கற்ற கேத்திரகணிதம் என்னைத் தியத்தலாவையில் நில அளவைப் பயிற்சிக்குக் கொண்டுசென்றது. வடமராட்சியில் ஒருவன் நில அளவையாளன் ஆனால் உறவினர் வீடுகளுக்கு நிம்மதியாகப் போய்வர முடியாது என்பதை அதன்பின்பே அறிந்தேன். கிடுகு மாற்றி வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் எல்லைக் கதியால் ஒரு சாண் அப்பால் நகர்ந்துவிடும். அடுத்த வீட்டுக்காரர் வாய்ப்பேச்சிற் தொடங்கிப் பருத்தித்துறை நீதிமன்றம் வரை போவார். வழக்கு முடிவதற்குள் அந்தச் சாண் நிலத்தின் பெறுமதியைப் போலப் பல மடங்கு பணம் சட்டத்தரணிகளிடம் போய்விடும். வெளியூரார் இதைச் சொல்லி எங்களை நகைப்பதுண்டு. மழையை நம்பிப் பயிர்செய்து, ஆறில்லாத ஊரில் ஒவ்வொரு வளவிலும் கிணறு வெட்டி வாழ்ந்த மக்களுக்கு ஒரு சாண் நிலம் ஏன் பெரிதாயிற்று என்பது அவர்களுக்கு விளங்காது.

மெல்பேணுக்கு வந்தபின் வேலை இலகுவாகியது. விக்டோரியா மாநிலத்தில் 1862முதல் டொறன்ஸ் பதிவுமுறை நடைமுறையில் இருப்பதால், பதிவேட்டில் யாருடைய பெயர் உள்ளதோ அவரே உடையவர். பாட்டன் காலத்துக் காணி உறுதிப் பத்திரங்களைத் தேடித் தூசு தட்ட வேண்டியதில்லை. நேர்த்தியான ஏற்பாடுதான். ஆயினும் எந்தப் பதிவேடும் பெயரை மட்டுமே காட்டும். அந்த நிலத்தில் யார் விளக்கேற்றினார் என்பது அதில் ஏறுவதில்லை.

எங்கள் வளவில் விளக்கேற்றியவர் மச்சாள், அப்பாவின் தங்கையுடைய மகள். நாங்கள் ஒவ்வொருவராக வெளியேறியபோது வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் திறப்பைக் கொடுத்தோம். 1987இன் வடமராட்சித் தாக்குதலின்போது கோயிலிற் தஞ்சமடைந்து, திரும்பி வந்து ஓட்டைப் பிரித்து மேய்ந்தவர் அவர். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ் நகரைச் சூழ்ந்த வலிகாமமே போரினால் இடம்பெயர்ந்து வடமராட்சிக்கும் தென்மராட்சிக்கும் வந்தபோது, அந்த வீட்டு விறாந்தையிலும் மாட்டுக்கொட்டிலிலும் முன்பின் அறியாத குடும்பங்களை இருத்தி, எங்கள் கிணற்றுத் தண்ணீரை அவர்களுக்கெல்லாம் பங்கிட்டவரும் அவரே. கொடிகாமம் வரை யாழ்தேவியிலும் பின்னர் பேருந்திலுமாக நாங்கள் விடுமுறைக்குப் போய் இறங்கும்போது, முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருக்கும். அது எங்களுடைய முற்றம் என்று கூச்சமின்றிச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்வோம்.

சட்டம் முழுவதும் எங்கள் பக்கமே நிற்கிறது. உடையவரின் உரிமையை ஏற்காமல் பத்து ஆண்டுகள் எதிராட்சி செய்தவர் காணிக்கு உரிமை கோரலாம் என்று 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம் சொன்னாலும், உடையவரின் அனுமதியோடு குடியிருப்பவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த உரிமை அவருக்குப் பிறப்பதில்லை. போரினால் தங்கள் காணியை அணுக முடியாது போனவர்களைப் பாதுகாக்க 2016இல் தனியாக ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. தேவையான சட்டம்தான், உண்மையாகவே துரத்தப்பட்டுக் காணியை இழந்தவர்கள் ஏராளம். எங்கள் வளவை யாரும் பறிக்கவில்லை. மச்சாளுக்குச் சட்டப்படி எதுவும் இல்லை என்பதாலேயே கேள்வி எங்கள் மனச்சாட்சியின் முன் வந்து நின்றது.

கணினித் திரையில் நான்கு முகங்களும் கூடி இதைப் பேசுவோம். இலண்டனிற் காலையாயின் எனக்கு இரவு. அண்ணர் நல்ல விலைக்கு விற்று நான்காகப் பிரிக்கலாம் என்றார். தங்கை எதையும் விற்கக் கூடாது, பிள்ளைகள் வேரை மறந்துவிடுவார்கள் என்றாள். அவளுடைய பிள்ளைகளோ அந்த வெயிலில் இரண்டு நாள் தாக்குப்பிடிக்க மாட்டார்கள். என் பேரன் செய்மதிப் படத்தில் வளவைத் தேடிக் காட்டியபோது மாமரத் தலைகளும் ஓட்டுக் கூரையும் தெரிந்தனவே ஒழிய எல்லை தெரியவில்லை. "இங்கே யார் இருக்கிறார்கள்?" என்று அவன் கேட்டான்; மச்சாளின் பெயரைச் சொன்னேன். அப்படியானால் அது அவருடைய வீடுதானே என்றான். பதினொரு வயதுப் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமை தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். நான் அந்த வாதத்தை அண்ணரிடமே எடுத்துச் சென்றேன்.

மாதக்கணக்கில் இழுபட்ட பேச்சின் முடிவில், வீடும் அதனைச் சூழ்ந்த மூன்று பரப்பும் மச்சாளுக்கு நன்கொடை உறுதியாக எழுதப்பட வேண்டும் என்பதில் நால்வரும் உடன்பட்டோம். மச்சாள்தான் இலகுவில் உடன்படவில்லை. "பார்த்துக்கொள்ளத்தானே தந்தீர்கள், நான் கூலிக்கா இருந்தேன்?" என்று கேட்டுவிட்டார். இறுதியில், தனக்குப் பின் தன் மகள் வீதிக்கு வரக்கூடாது என்ற ஒரே எண்ணத்தால் தலையசைத்தார். எஞ்சிய ஐந்து பரப்பைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை; முடியும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை.

கிணறு இரண்டு துண்டுக்கும் நடுவில் விழுந்ததால் எல்லைக்கோட்டை இருமுறை மாற்றி வரைய நேர்ந்தது. இரு பகுதியாருக்கும் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் உண்டு என்று பழைய முறைப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். ஊரில் இப்போது எனக்கு அனுமதிப்பத்திரம் இல்லாதபடியால் அங்குள்ள நில அளவையாளர் ஒருவர் வரைபடத்திற் கையொப்பமிட்டு நெல்லியடியிலுள்ள, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் கொடுத்துவிட்டார். அவர் சார்பில் இன்னொருவர் கையொப்பமிட அதிகாரமளிக்கும் அண்ணரின் அற்றோணித் தத்துவம் ரொறொன்ரோவிலிருந்து வந்து சேர்ந்ததும் உறுதி முடிப்பதாக ஏற்பாடு.