பின் நம்பர் கேட்டால் பணம் போகப்போகிறது

வங்கிக் கிளையில் என் மேசைக்கு வருகிறவர்களில் பணத்தைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்ததும் தெரிந்துவிடும். டோக்கன் எடுக்க மாட்டார்கள். போனை நீட்டிக்கொண்டே வருவார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பழைய கட்டிலை விற்க ஆன்லைனில் விளம்பரம் கொடுத்திருந்தார். வாங்குவதாகச் சொன்னவன், முன்பணம் என்று ஒரு க்யூஆர் கோடு அனுப்பினான். "ஸ்கேன் பண்ணி பின் போடுங்கம்மா, பணம் உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்." போட்டார். பணம் போனது. "தப்பா போயிடுச்சு, சேர்த்துத் திருப்பிடலாம், இன்னொரு தடவை போடுங்க" என்றான். அதையும் செய்தார். அவருடைய திரையில் 'பே' என்று ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது. அவசரப்படுத்துகிற குரல் காதில் இருக்கும்போது அதை யார் படிப்பார்கள்?

யுபிஐயில் பணம் வாங்க பின் தேவையே இல்லை. 2016-ல் அது வந்த நாளிலிருந்து அப்படித்தான். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபரில், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்தியது நல்ல காரியம். ஆனால் க்யூஆர் கோடு இருக்கிறதே.

அந்த அம்மா எங்களிடம் வந்தது மறுநாள். மகன் திட்டுவான் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் பணம் வேறு கணக்குகளுக்குத் தாவி, பெரும்பகுதி எடுக்கப்பட்டுவிட்டது.

எனக்கு வருத்தம் இதில்தான். சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு உடனே அழைத்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை முடக்கிவைக்க வாய்ப்பு இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவாகவே இருந்தாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேரும். தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கு லாபம். அப்படித் தாமதிக்க வைப்பது வெட்கம். அந்த வெட்கத்தை "படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டு நாம்தான் வளர்க்கிறோம், வீட்டிலும் கவுண்டரிலும்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணை எடுத்துக்கொண்டு அவர் போனிலேயே 1930-ஐ அழையுங்கள். எப்படி நடந்தது என்ற கதையெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.