ஐந்நூறு ரூபாய் குறைந்த மாலை

ஆபீஸில் நடந்ததை வீட்டுக்கு வந்து சொன்னால் எல்லோரும் சுவாரசியமாகக் கேட்கிறார்கள். அதையே கதையாக எழுதினால் சப்பென்று ஆகிவிடுகிறது. வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதிப் பழகுகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வீட்டில் கேட்பவருக்கு அந்த மேனேஜரைத் தெரியும், சொல்பவரின் முகமும் கண் முன்னால் இருக்கிறது. வாசகருக்கு இரண்டும் இல்லை. சம்பவத்தை எழுதிவிட்டு, அதைத் தாங்கி நின்ற வேலையை எழுதாமல் விட்டதால் வரும் கோளாறு அது.

ஒரு வங்கிக் கிளையின் கேஷ் கவுண்டரை எடுத்துக்கொள்வோம். மாலை நாலரை மணி. கையிருப்பை எண்ணினால், கணினி காட்டும் தொகையைவிட 500 ரூபாய் குறைகிறது. "அவள் பதறிப்போனாள்" என்று எழுதுவது சுலபம். பழகிய கேஷியர் பதறுவதற்கு முன்னால் வகுத்துப் பார்ப்பார். வித்தியாசம் 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. 1,450 வாங்கிக்கொண்டு 1,540 என்று பதிந்தால் 90 குறையும். 500 வகுபடாது. அடுத்து, பாதித் தொகையைத் தேடுவார்: 250 ரூபாய் கொடுத்ததை வாங்கியதாகப் பதிந்திருந்தாலும் 500 குறையும். அன்றைக்கு 250க்கு வவுச்சரே இல்லை. ஆக, பெரும்பாலும் ஒரு 500 ரூபாய்த் தாள் யாருக்கோ கூடுதலாகப் போயிருக்கிறது. புதுக் கட்டில் தாள்கள் ஒட்டிக்கொண்டு வரும். புதுக் கட்டைப் பிரித்தது பதினொரு மணிக்கு. அதிலிருந்து வாங்கிப் போனவர்கள் மூன்று பேர்: பென்ஷன் வாங்க வந்த பெரியவர், நகைக்கடன் வாங்கிய ஒரு பெண், பக்கத்து சீட்டுக்காரர்.

இப்போது கதை தானாக நகரத் தொடங்குகிறது. யார் மேல் முதல் சந்தேகம் விழுகிறது, யாரைப் போனில் கூப்பிடுகிறாள், யாரைக் கூப்பிட மனமில்லாமல் தன் பர்ஸிலிருந்து எடுத்து வைக்கிறாள்? மூன்று பேரில் ஒருவரிடம் கேட்டுவிடலாம், இன்னொருவரிடம் கேட்டால் நட்பு போய்விடும். இந்த மூன்று பேரிடம் கொண்டுவந்து சேர்த்தது 9ஆல் வகுத்த அந்தக் கணக்குதான். வெளியிலிருந்து வருகிறவருக்கு இது கிடைக்காது. பொழுதுபோக்காக எழுதுகிறவரின் கைமுதல் இதுதான்.

முதல் இருக்கிறதென்று அள்ளி இறைக்கவும் கூடாது. ஒரு தொழில் விவரம் கதாபாத்திரத்தை ஒரு முடிவுக்குத் தள்ளினால் இருக்கட்டும், இல்லையென்றால் போகட்டும். 100 தாள் ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பண்டில் என்பதெல்லாம் இந்தக் கதைக்கு வேண்டாம். கணக்கில் சேராத தொகையைத் தற்காலிகமாக எழுதி வைக்கும் 'சஸ்பென்ஸ் கணக்கு' என்ற சொல் கதையில் வந்தால் அதற்கு விளக்கம் எழுதாதீர்கள். பாத்திரங்கள் அதைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனால் வாசகர் பிடித்துக்கொள்வார்.

இதற்காகக் குறிப்பு எடுக்கும் விதமும் கொஞ்சம் மாற வேண்டும். "இன்று மேனேஜர் கத்தினார்" என்ற குறிப்பு மூன்று மாதம் கழித்து ஒன்றுக்கும் ஆகாது. ஸ்பான்ஜ் டப்பாவில் தண்ணீர் வற்றியதும் விரல் தன்னால் நாக்குக்குப் போவது, கத்தி முடித்த மேனேஜர் மேசையில் பேப்பர் வெயிட்டை நேராக்கி வைப்பது: இவை ஆகும். ஒரு நாளைக்கு மூன்று வரி போதும். இதற்குப் போனைவிட ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் நல்லது; போனைத் திறந்தால் வாட்ஸ்அப் காத்திருக்கும்.

நேரம் இல்லை என்பது பாதி உண்மைதான். ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலோப் 1834 முதல் 1867 வரை தபால் துறையில் வேலை பார்த்தவர். விடிகாலையில் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். அது நமக்கு ஒத்துவராது, வரவும் வேண்டாம். காலையில் அரை மணி, 150லிருந்து 200 சொல் என்று வைத்துக்கொண்டால் 1,500 சொல் கதையின் முதல் பிரதி இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். எழுதி நிறுத்தும்போது வாக்கியத்தைப் பாதியில் விட்டு நிறுத்துவது பழைய தந்திரம். மறுநாள் அந்த வாக்கியத்தை முடிப்பதில் தொடங்கலாம், வெறும் தாளைப் பார்த்து உட்கார வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் எழுதினால் என்ன ஆகும் என்றால், அன்றைய கோபம் கதைக்குள் வந்துவிடும்.

கோபத்தைவிட ஆபத்தானது ஆபீஸ் தமிழ். நாள் முழுக்கக் கடிதமும் அறிக்கையும் எழுதிய கை, கதையிலும் "விசாரணை மேற்கொள்ளப்பட்டது", "அதனைத் தொடர்ந்து அவர் தனது இருக்கைக்குத் திரும்பினார்" என்றே எழுதும். செய்தவர் காணாமல் போய்விடுவார். "யார்கிட்ட குடுத்தீங்கன்னு ஞாபகம் இருக்கா என்று கேட்டார். அவள் டிராயரைத் திரும்பத் திறந்தாள்" என்று வைத்தால் ஆள் வந்துவிடுகிறார். முதல் பிரதியில் 'பட்டது', 'மேற்கொண்டு', 'தொடர்ந்து' என்ற மூன்றையும் தேடிப் பார்த்தாலே பாதி வேலை முடியும்.

உரையாடல் தனிக் கலை. ஒரே ஆள் ஒரு நாளில் நாலு தமிழ் பேசுகிறார். மேனேஜரிடம் "பாத்துடறேன் சார்", அட்டெண்டரிடம் "அண்ணே, அந்தக் கட்டக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க", கவுண்டரில் "கையெழுத்து மாறுது பாருங்க பெரியவரே", வீட்டிலிருந்து போன் வந்தால் குரலைத் தாழ்த்தி "அப்புறம் பேசறேன், வை." இந்த நாலும் ஒரே பக்கத்தில் வந்தாலே போதும், அவரைப் பற்றி ஒரு வர்ணனையும் தேவையில்லை. எழுத்தில் ஒரு ஒழுங்கு வேண்டும். 'போகலை' என்று தொடங்கினால் கடைசிவரை 'போகலை'தான். நடுவில் 'போகல' வந்தால் அச்சுப்பிழை போலத் தெரியும். கோவைக் கிளையில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் சம்பளம் பற்றிப் பேசுகிறாரா, ஊர் பற்றிப் பேசுகிறாரா என்று பார்த்து 'லே' போடுங்கள்; எல்லா வரியிலும் போட்டால் நாடகம் ஆகிவிடும்.

தட்டச்சுக்கு, தமிழ்99 விசைப்பலகை பழகச் சில வாரம் ஆகும். உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். குரல்வழி எழுதினால் வேகம் வரும், ஆனால் ல, ள, ழவில் காலை வாரும். பேச்சுத் தமிழையும் அது திருத்தி எழுத்துத் தமிழாக்கிவிடலாம். உரையாடலுக்கு அதை நம்பாதீர்கள்.

பழிவாங்கும் கதையை எல்லோரும் ஒரு முறை எழுதுவார்கள். எழுதிவிடுங்கள், அனுப்பாதீர்கள். அதில் மேனேஜருக்கு ஒரு நியாயமும் இருக்காது, அதனால் கதையும் இருக்காது. நிஜ ஆளை எடுத்தால் பதவி, ஊர், வயது மூன்றையும் மாற்றிவிட்டு, அவரே படித்தாலும் அடையாளம் தெரியாத அளவுக்குக் குடும்பத்தையும் மாற்றுங்கள். வாடிக்கையாளர் கணக்கு விவரம் எந்த வேடத்திலும் உள்ளே வரக் கூடாது. ஆபீஸ் கணினியில் எழுதுவது, ஆபீஸ் மின்னஞ்சலில் அனுப்புவது இரண்டும் வேண்டாம். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளில் 15ஆவது விதி, அவ்வப்போது செய்யும் இலக்கியப் பணிக்கு முன் அனுமதி கேட்கவில்லை, அலுவலக வேலை கெடக் கூடாது என்பது நிபந்தனை. வங்கி, மாநில அரசு, தனியார் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் தனி விதி. பிரசுரத்துக்கு முன்னால் சொந்த விதியைப் படித்துவிடுவது நல்லது.

முதல் பிரதி முடிந்ததும் மூன்று வாரத்துக்கு அதைக் கையில் எடுக்கக் கூடாது. பிறகு அச்செடுத்து, சத்தமாகப் படிக்க வேண்டும். நாக்கு தடுக்கும் இடத்தில் பேனா வையுங்கள். கதைகள் பெரும்பாலும் தொடங்கிய இடத்துக்கு ஒரு பக்கம் கழித்தே உண்மையில் தொடங்குகின்றன. காலையில் பஸ் பிடித்தது, கிளையின் வர்ணனை, முன்கதை எல்லாம் போகும். 1,500 சொல் 1,200 ஆகும்.

முடிவில்தான் கை நடுங்கும். மறுநாள் காலை பென்ஷன் பெரியவர் 500 ரூபாயோடு வந்து நிற்கும் முடிவு எல்லோருக்கும் தோன்றுவது. நிஜத்தில் அப்படி நடக்கவும் செய்கிறது, ஆனால் கதையில் அது கேஷியரின் சந்தேகத்தைத் துடைத்துக் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பதில் அன்று மாலையிலேயே முடிக்கலாம். பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று கேஷியரிடம், மற்றது அதிகாரியிடம். இருவரும் சேர்ந்தே பூட்ட முடியும். அவள் தன் பர்ஸிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்துவிட்டாள். அதிகாரி சாவியோடு வந்து நிற்கிறார்.

"டேலி ஆயிடுச்சாம்மா?"

"ஆயிடுச்சு சார்."

இரண்டு சாவியும் திரும்புகின்றன.