இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

ஜூன் 3

சுருங்கிய இதய வால்வை விரிக்கும் பலூன் சிகிச்சை அம்மாவுக்கு இப்போதைக்கு இல்லை. தொண்டை வழியாகக் குழாய் விட்டு எக்கோ எடுத்ததில் இதயத்தின் இடது மேலறை மூலையில் ஒரு ரத்தக்கட்டி தெரிந்திருக்கிறது. பலூன் கம்பி அந்த அறைக்குள்தான் போயாக வேண்டும். கம்பி பட்டுக் கட்டி பெயர்ந்தால் மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். "மாத்திரை கொடுத்துக் கரைய வைப்போம்மா, ரெண்டு மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம்" என்றார் டாக்டர். தொண்டை எரிகிறது என்பதைத் தவிர அம்மா எதுவும் சொல்லவில்லை. பஸ் உசிலம்பட்டி வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 4

மூன்று தலையணை.

ஜூன் 8

ராத்திரி தூக்கம் வரவில்லை. பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதயம் வரைந்தேன். பத்தாம் வகுப்பில் நீலம், சிவப்பு என்று வண்ணம் தீட்டி முழு மதிப்பெண் வாங்கிய படம்தான். உடம்பில் இருப்பது ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம். இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளுவதும் ஏறக்குறைய அதே அளவு. சும்மா உட்கார்ந்திருந்தாலும் நிமிடத்துக்கு ஒரு முழுச் சுற்று. வலது பக்கம் நுரையீரலுக்கு அனுப்புகிறது, இடது பக்கம் உடம்புக்கு. நுரையீரலில் இருந்து திரும்பும் ரத்தம் இடது மேலறைக்கு வந்து, மைட்ரல் வால்வு என்ற கதவைத் தாண்டிக் கீழறைக்கு இறங்க வேண்டும். நல்ல வால்வு திறக்கும்போது வழி நாலிலிருந்து ஆறு சதுர சென்டிமீட்டர் இருக்கும். அம்மாவின் ரிப்போர்ட்டில் 0.9.

அந்த அளவுக்கு ஒரு கட்டம் போட்டுப் பார்த்தேன். என் கட்டைவிரல் நகம்கூட அதைவிடப் பெரிது.

இறங்க முடியாத ரத்தம் பின்னால் தேங்குகிறது. முதலில் மேலறை வீங்குகிறது, அப்புறம் நுரையீரலில் அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் காலிலும் வயிற்றிலும் இருந்த ரத்தமும் சேர்ந்து மேலே வருகிறது. மூச்சு முட்டுகிறது, அதனால் சாய்ந்தே தூங்க வேண்டும். தலையணைக் கணக்கு இதுதான். இத்தனை வருஷமாக எல்லோரும் இதை வீசிங் என்றார்கள். இன்ஹேலர் எழுதிக் கொடுத்த புண்ணியவான்களும் உண்டு.

ஜூன் 10

ஐ.என்.ஆர். (ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) 1.3. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்க வேண்டும். மாத்திரை போடாதவர்களுக்கு ஒன்று இருக்கும். அதாவது இன்னும் ஒன்றுமே ஆரம்பிக்கவில்லை.

ஜூன் 13

அம்மா போடும் மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், எலிமருந்தாக விற்கப்பட்டது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்மா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

அப்புறம் முழுக்கதையும் சொல்ல வேண்டியதாயிற்று. 1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. 1933இல் ஒரு விவசாயி செத்த கன்றையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் தூக்கிக்கொண்டு விஸ்கான்சினில் கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே பிரித்தெடுத்த பொருளில் இருந்து வந்ததுதான் வார்ஃபரின். 1948இல் எலிக்கு வைத்தார்கள். 1955இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் கொடுத்தார்கள்.

"அந்த மாடு யாரோடதாம்?" அம்மா கேட்டது அது ஒன்றைத்தான். மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

ஜூன் 17

1.6. அளவை அரை மாத்திரை கூட்டியிருக்கிறார்கள்.

ரத்தம் எடுக்கும் பெண் கையில் ரப்பர் பட்டை கட்டினாள். நரம்பு புடைத்தது. ரத்தம் சுற்றி வருகிறது என்று 1628இல் ஆங்கில மருத்துவர் ஹார்வி எழுதிய புத்தகத்திலும் இதே கட்டுதான் வருகிறது. இறுக்கிக் கட்டினால் கை குளிர்கிறது, கொஞ்சம் தளர்த்தினால் கட்டுக்குக் கீழே வீங்குகிறது. அப்படியானால் ரத்தம் ஆழத்தில் ஒரு வழியாகப் போய் மேலே வேறு வழியாகத் திரும்புகிறது. போவதும் வருவதும் எங்கே சேர்கின்றன என்று காட்ட அவரிடம் நுண்ணோக்கி இல்லை. 1661இல்தான் மால்பிகி என்ற இத்தாலியர் தவளை நுரையீரலில் இரண்டையும் இணைக்கும் நுண்குழாய்களை, தந்துகிகளைப் பார்த்தார். ஹார்வி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். பாவம்.

ஜூன் 22

தெருவில் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எத்தனை அடைப்பு?" அடைப்பே இல்லை என்றால் நம்புவதில்லை. அடைப்பு என்பது இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்களில் கொழுப்பு படிந்து வருவது. அம்மாவின் ஆஞ்சியோ சுத்தம். இது கதவு திறக்காத வியாதி, குழாய் அடைத்த வியாதி இல்லை. எதிர்வீட்டு மாமா ஸ்டென்ட் வைத்தவர். எல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "தினம் பத்துப் பல்லு பூண்டு பச்சையாச் சாப்பிடச் சொல்லு, கரைஞ்சிரும்" என்றார். வார்ஃபரினோடு அவ்வளவு பூண்டு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். சரி மாமா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 29

சித்தி வந்திருந்தாள். அம்மாவுக்குப் பத்து வயதில் காய்ச்சல் வந்து முழங்கால் வீங்கியதாம். அது வற்றியதும் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. அப்பத்தா நொச்சித்தழை வதக்கிக் கட்டினாளாம். ஒரு மாதத்தில் எழுந்து ஓடினாளாம். சித்தி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அதற்குமுன் தொண்டை வலித்திருக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆயுதம் ஆள் மாறி மூட்டையும் வால்வையும் தாக்குகிறது. மூட்டு தடம் இல்லாமல் ஆறிவிடும். வால்வு ஆறும்போது தடித்து, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேல்பார்வைக்குக் குழந்தை நன்றாகத்தான் இருக்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருஷக்கணக்கில் விடாமல் போட்டிருந்தால் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து வால்வைக் கெடுத்திருக்காது. அப்போதே பென்சிலின் இருந்தது. விலை உயர்ந்த மருந்தும் இல்லை. நெரிசலான வீடு, தூரத்தில் ஆஸ்பத்திரி, காய்ச்சல்தானே என்ற நினைப்பு. பணக்கார நாடுகளில் இந்த வியாதி கிட்டத்தட்ட மறைந்தே போயிற்று.

ஜூலை 1

"உன்னைய வயித்துல வெச்சிருக்கும்போதுதான்டி மொதமொதல்ல மூச்சு முட்டுச்சு." வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

கர்ப்பத்தில் ரத்த அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். இதயத் துடிப்பும் கூடும். அத்தனையும் அந்தச் சின்ன வழியில்.

ஜூலை 2

அப்போது எவ்வளவு சதுர சென்டிமீட்டர் இருந்திருக்கும்? 1.5?

ஜூலை 8

2.2! பாயசம் வைத்தேன்.

ஜூலை 15

நாடி பார்க்கப் பழகிவிட்டேன். இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, பிறகு ஒன்று விட்டே போகிறது. எந்த ஒழுங்கும் இல்லை. வீங்கிய மேலறை சுருங்குவதற்குப் பதில் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கிறது, நிமிடத்துக்கு முந்நூற்றைம்பது தடவைக்கு மேல். நடுங்கும் அறையில் ரத்தம் நின்று போகிறது, நின்றால் உறைகிறது. கட்டி வந்தது அப்படித்தான். பி.பி. மெஷின் இந்தத் துடிப்பைப் பார்த்துக் குழம்பி "எரர்" காட்டுகிறது. அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை.

துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிஜாக்சின் மாத்திரை வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு கிடையாது. "மாத்திரைக்கே லீவு உண்டு, எனக்கு இல்ல."

ஜூலை 27

ஆடிக்கூழ் வந்தது, கூடவே முருங்கைக்கீரைப் பொரியல். கீரையில் வைட்டமின் கே, அது வார்ஃபரினுக்கு நேர் எதிர். தட்டைப் பிடுங்கினேன், அவள் பிடுங்கினாள். "ஆத்தாளுக்கு ஊத்துன கூழு, நீ யாருடி வேணாங்க?" கடைசியில் ஒரு பிடி சாப்பிட்டாள். டாக்டரிடம் போனில் கேட்டதற்கு, கீரையை நிறுத்த வேண்டாம், ஒரு வாரம் நிறைய, மறுவாரம் இல்லை என்றுதான் இருக்கக் கூடாது, எப்போதும் ஒரே அளவில் சாப்பிடட்டும் என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தது என் முட்டாள்தனம்.

ஆகஸ்ட் 6

பல் தேய்க்கும்போது ரத்தம். 5.4.

ஆகஸ்ட் 7

தூங்கவில்லை. இரண்டு நாளைக்கு மாத்திரை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். போன வாரம் வயிற்றுப்போக்குக்கு ஒரு கடையில் கேட்டு மெட்ரோனிடசோல் வாங்கிப் போட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. அது வார்ஃபரின் உடம்பில் சிதைவதைத் தடுத்துவிடும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கடைக்காரரும் கேட்கவில்லை. ராத்திரி நாலைந்து தடவை எழுந்து "அம்மா, தலை வலிக்குதா?" என்று கேட்டேன். கடைசித் தடவை, "நீ கேக்குறதுலதான்டி வலிக்குது."

ஆகஸ்ட் 8

மூன்று தலையணை. குறையவில்லை, கூடவும் இல்லை.

ஆகஸ்ட் 10

2.9.

ஆகஸ்ட் 19

துபாயில் இருக்கும் அண்ணன் போன் செய்தான். அவன் நண்பனின் அப்பாவுக்கும் இதே நடுக்கம்தானாம், ரத்தப் பரிசோதனையே வேண்டாத புது மாத்திரை போடுகிறாராம். காசு நான் அனுப்புகிறேன், அதை வாங்கு என்கிறான். ருமாட்டிக் வால்வோடு, அதாவது அம்மாவைப் போல அந்தச் சின்ன வயதுக் காய்ச்சலில் கெட்ட வால்வோடு, வரும் நடுக்கத்துக்கு அது சரிப்படாது. அந்தப் புது வகை மாத்திரையான ரிவராக்ஸபானை வார்ஃபரின் வகை மருந்தோடு ஒப்பிட்டு 2022இல் வந்த பெரிய ஆய்வில், பழைய மருந்து கொடுத்தவர்களில்தான் சாவு குறைவு. இதை அவனுக்குப் புரியவைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதில் பாதி நேரம் நான் கத்தினேன்.

செப்டம்பர் 4

மறுபடி தொண்டைக் குழாய். கட்டி இல்லை.

எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். கட்டி இல்லை.

செப்டம்பர் 5

பலூன்தான். தொடை நரம்பு வழியாக வலது மேலறைக்குப் போய், நடுச்சுவரில் துளையிட்டு இடது மேலறைக்குள் நுழைந்து, வால்வுக்குள் ஊதி, ஒட்டிய இதழ்களைப் பிரிப்பார்கள். இனூயே என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர் 1980களில் கொண்டுவந்த முறை. இதழ் கிழிந்து ரத்தம் பின்னால் கசிந்தால் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டியிருக்கும், அதற்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அப்படி வந்தால் சித்ரா என்ற செயற்கை வால்வு வைக்கலாம் என்றார் டாக்டர். திருவனந்தபுரத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தானின் குழு செய்தது. முதல் மூன்று வடிவங்கள் தோற்று, நான்காவது 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. உலோக வளையத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் தட்டு சாய்ந்து திறந்து மூடும். அதை வைத்தால் வார்ஃபரின் ஆயுசுக்கும்.

பலூன் சரியாக வந்தாலும் நடுக்கம் இருக்கும்வரை வார்ஃபரின் உண்டு. இதை நான் கேட்டிருக்கவே வேண்டாம்.

செப்டம்பர் 9

பலூனுக்காக வார்ஃபரின் நிறுத்தியாயிற்று. இப்போது எண் இறங்க வேண்டும். இத்தனை நாள் ஏற்றியதை.

செப்டம்பர் 12

1.4. போதும் என்றார்கள். நாளை காலை எட்டு மணிக்குள் அட்மிஷன், வெறும் வயிறு. காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், இரண்டு எக்கோ ரிப்போர்ட்டும் பையில் வைத்துவிட்டேன். சித்தி விடியற்காலை பஸ்ஸில் வருகிறாள். அண்ணன் போனில் இருக்கிறான், பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும்.