இன்சுலேட்டர் மேல் நிற்கும் நீர்த்துளி

உயர்மின்னழுத்தச் சோதனைக்கூடத்தில் பணிக்குச் சேர்ந்த புதிதில், மின்கம்பிகளைத் தாங்கியபடி மின்சாரம் கசியாமல் தடுக்கும் பீங்கான் இன்சுலேட்டர்கள் மேல் அடிக்கப்படும் சிலிகோன் ரப்பர் பூச்சைக் கூடுதல் மின்காப்பு என்றே நான் எண்ணியிருந்தேன். கனமாக அடித்தால் காப்பும் கூடும் என்பது என் கணக்கு. அரை மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஒரு படலம், தானே நல்ல மின்கடத்தாப் பொருளான பீங்கானுக்கு எவ்வளவு வலுச் சேர்த்துவிடும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

அந்த எண்ணம் மூடுபனி அறையில்தான் கலைந்தது. அழுக்கடைந்த இன்சுலேட்டர்களைச் சோதிப்பதற்கான ஐஇசி 60507 என்ற பன்னாட்டுத் தரநிலையில் உள்ளபடி, ஒரு லிட்டர் நீருக்கு 40 கிராம் கயோலின் களிமண்ணும் வேண்டிய அளவு உப்பும் கலந்து, பூச்சில்லாத இன்சுலேட்டர் ஒன்றின் மேல் அழுக்குப் படியச் செய்து காயவிட்டோம். உலர்ந்திருந்தவரை மின்னழுத்தத்தை அது அலட்டிக்கொள்ளாமல் தாங்கியது. நீராவி பரவி, படிந்திருந்த உப்பு கரையத் தொடங்கியதும் மேற்பரப்பு வழியே ஓடும் கசிவு மின்னோட்டம் ஏறியது. மின்னோட்டம் நெருக்கமாகப் பாயும் குறுகலான இடம் முதலில் சூடேறி வளையம்போல் உலர்ந்தது. ஏறக்குறைய முழு மின்னழுத்தமும் அந்த ஒடுங்கிய வறண்ட பட்டையின் மேல் விழவே, முதலில் ஊதா நிறத்தில் சிறு பொறிகளும், பிறகு மஞ்சள் நிறத்தில் தடித்த சுடர்களும் தோன்றின. மிச்சமுள்ள ஈரப்படலத்தின் மின்தடை போதிய அளவு இருந்தால் அந்தச் சுடர் அணைந்துவிடும். குறைந்தால் அது நீண்டு முனையிலிருந்து முனைவரை ஓடிவிடும். ஜெர்மன் ஆய்வாளர் ஓபெனாஸ் 1958-இல் வைத்த விளக்கத்தின் சாரம் இதுதான். கனமழையைவிடப் பனி இறங்கும் அதிகாலையே ஆபத்தான நேரம் என்று பராமரிப்புப் பணியாளர்கள் சொல்வதன் காரணமும் அன்று புரிந்தது: மழை அழுக்கைக் கழுவிக்கொண்டு போகிறது, பனியோ நனைத்துவிட்டு நின்றுவிடுகிறது.

அடுத்து, பூச்சிட்ட இன்சுலேட்டர். கயோலின் கரைசல் அதன்மேல் ஒட்டவே மறுத்து உருண்டோடியது. எரிச்சலாக இருந்தாலும், பூச்சின் வேலை என்ன என்பதை அந்த உருளலே காட்டிவிட்டது. நீரைத் தொடர்ச்சியான படலமாகப் பரவவிடாமல் தனித்தனித் துளிகளாக நிறுத்திவிட்டால், மின்னோட்டத்துக்குப் பாதையே கிடைக்காது. உலர்ந்த கயோலின் தூளை முதலில் தடவி, அதன்மேல் கரைசலை ஏற்றித்தான் அழுக்குப் படிய வைத்தோம். உடனே சோதித்தபோது ஈரம் படர்ந்து, பீங்கானில் கண்ட பொறிகளே இங்கும் தெரிந்தன. இன்னொன்றைச் சில நாள்கள் சும்மா வைத்திருந்து தண்ணீர் தெளித்துப் பார்த்தோம்: பூச்சுக்கு மேலிருந்த களிமண்ணின் மீதே நீர் முத்து முத்தாக நின்றது. ரப்பருக்குள் இருக்கும் சிறு மூலக்கூறு கொண்ட சிலிகோன் திரவம் மெல்ல மேலேறி அழுக்கையும் போர்த்திவிடுகிறது. பீங்கானின் கண்ணாடிப் பூச்சுக்கோ சாதாரண வர்ணத்துக்கோ இந்தக் குணம் கிடையாது.

ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். உப்புக் காற்றும் ஈரமும் நாள்கணக்கில் விடாமல் இருந்தால், துளிகளின் விளிம்பில் எழும் நுண்ணிய மின்பொறிகள் மேற்பரப்பின் நீர்விலக்குத் தன்மையைத் தேய்த்துவிடுகின்றன. வறண்ட நாள்கள் கிடைத்தால் அது திரும்பி வருகிறது. அந்த இடைக்காலத்தில் ரப்பர் அரிபடாமல் இருக்கவே அலுமினியம் டிரைஹைட்ரேட் தூளைக் கலக்கிறார்கள். சூடேறும்போது அது தன்னுள் பிணைந்திருக்கும் நீரை வெளியேற்றி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது.

பிற்பாடு களப்பணியில் ஒரு துணைமின்நிலையத்தில் பூச்சு தோல்போல் உரிந்து தொங்கியதைப் பார்த்தேன். பழைய கிரீஸைச் சரியாகத் துடைக்காமல் அவசரத்தில் அடித்திருந்தார்கள். உரிந்த ஓரத்தின் அடியில் ஈரம் தங்கி, பொறியின் கரிய தடங்களும் அந்த ஓரத்தையொட்டியே ஓடியிருந்தன. அப்படிப்பட்ட பூச்சுக்கு வெறும் பீங்கானே மேல் என்பது என் கருத்து.

இப்போது பூச்சின் கனத்தைக் கேட்பதற்கு முன் தெளிப்புப் புட்டியைத்தான் எடுக்கிறேன். முழுத் துளிகளாக நிற்பது 1, முழுப் படலமாகப் படர்வது 7 என்று நீர்விலக்குத் தன்மைக்கு ஏழு நிலைகள். மின்சாரம் துண்டித்து மண்ணிணைப்புக் கொடுத்த பிறகு, இன்சுலேட்டரில் குடைபோல் விரிந்திருக்கும் ஒவ்வொரு விளிம்புத் தட்டின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் தனித்தனியே தெளித்துக் குறித்துக்கொள்கிறோம். சென்ற முறை பார்த்த ஒன்றில் மேற்புறம் 5, அடிப்புறம் 2. உடனே மறுபூச்சு அடிக்கச் சொல்லாமல், அழுக்கைக் கழுவி, வறண்ட நாள்கள் சில கழித்து மீண்டும் தெளித்துப் பார்க்குமாறு எழுதிக் கொடுத்தேன்.